மியூனிக் நகரில் சாப்பிடச் செல்வோருக்கு: வேளையும் இடமும் அறிந்து உட்கார ஒரு வழிகாட்டி

ஜெர்மனியின் தெற்கே, பவேரியா மாநிலத்தின் தலைநகரான மியூனிக்குக்கு வேலையாகவோ சுற்றுலாவாகவோ முதன்முறை வருகிறவர்கள், எந்த உணவகத்துக்கு நட்சத்திரம் அதிகம் என்று கைபேசியில் தேடியே பசியோடு நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். இந்த ஊரில் உணவகத்தின் பெயரைவிட, எந்த வேளையில் எந்த வகை இடத்துக்குள் நுழைகிறோம் என்பதே சாப்பாட்டின் தரத்தையும் செலவையும் தீர்மானிக்கிறது. காலையில் ரொட்டிக்கடை, நண்பகலில் சந்தை அல்லது மதியப் பட்டியல் வைத்திருக்கும் சிறு உணவகம், வெயில் அடிக்கும் மாலையில் பியர்கார்ட்டன் எனப்படும், மரநிழலில் பீர் விற்கும் தோட்டம், மழையோ குளிரோ இருந்தால் விர்ட்ஸ்ஹவுஸ் எனப்படும் பழைய பாணி உணவு விடுதி என்று பிரித்துக்கொண்டால் பெரும்பாலான சிக்கல்கள் தீர்ந்துவிடும். ஒரே ஒரு வேளைதான் கிடைக்கிறது என்றால் அதைப் பியர்கார்ட்டனுக்கே ஒதுக்குங்கள் என்பேன். மது அருந்தாதவர்களுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும், குழந்தைகளோடு வருபவர்களுக்கும்கூட அதுவே பொருந்தும்.

முதலில் பணமும் கடிகாரமும்

தங்கும் இடத்திலிருந்து கிளம்பும்போது ஆளுக்கு ஐம்பது யூரோவாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்பைவிட இப்போது அட்டை ஏற்கும் கடைகள் கூடிவிட்டன என்றாலும், ‘நுர் பார்ட்ஸாலுங்’ என்று கதவிலோ கல்லாவிலோ எழுதி வைத்திருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. அங்கே ரொக்கம் மட்டுமே செல்லும். வேறு சில கடைகளில் அட்டை வாங்குவார்கள், ஆனால் அது ஜெர்மன் வங்கிகள் தரும் கிரோகார்ட் அட்டையாக இருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை அந்த இயந்திரம் ஏற்காது. சாப்பிட்டு முடித்த பிறகு இது தெரியவந்தால் பணம் எடுக்கும் இயந்திரத்தைத் தேடி ஓட வேண்டியிருக்கும் என்பதால், உட்காருவதற்கு முன்பே அட்டையைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது நேரம். நம் ஊர் உணவகங்களில் பிற்பகல் நான்கு மணிக்குப் போனாலும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும். இங்கே சிறிய உணவகங்கள் பலவும் பிற்பகல் 2 அல்லது 2.30 மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு மாலை 5.30 அல்லது 6 மணிக்குத்தான் மீண்டும் திறக்கின்றன. கடை திறந்திருக்கும் நேரமும் சமையலறை இயங்கும் நேரமும் வேறு வேறு. கதவில் ‘வார்மெ க்யூஹெ’ என்ற தலைப்பின் கீழ் இருப்பதே சூடான உணவு கிடைக்கும் நேரம். இரவு 9.30 மணிக்கு மேல் போனால் விளக்கு எரியும், ஆட்கள் குடித்துக்கொண்டிருப்பார்கள், சாப்பாடு மட்டும் இருக்காது. பெரும்பாலான தனிக் கடைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் ‘ரூஹெட்டாக்’ என்ற ஓய்வு நாள் உண்டு. திங்களோ செவ்வாயோ அந்த நாளாக இருப்பது வழக்கம். நகர மையத்தில் உள்ள பெரிய விடுதிகள் மட்டும் முற்பகல் முதல் இரவு வரை இடைவெளியின்றிச் சமைக்கின்றன.

காலை: ரொட்டிக்கடை

தங்கும் விடுதியில் காலை உணவுக்குத் தனியாகப் பதினைந்து இருபது யூரோ கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தெருமுனையில் உள்ள ரொட்டிக்கடைக்குப் போகலாம். எந்தச் சுரங்க ரயில் நிலையத்தின் வாசலிலும் ஒன்றாவது இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் அடுக்கியிருப்பதில் ‘பட்டர்பிரெட்ஸன்’ என்பதைக் கேளுங்கள். முடிச்சுப் போட்டதுபோல் வளைத்துச் சுட்ட பவேரிய பிரெட்ஸனைக் குறுக்கே அறுத்து, உள்ளே வெண்ணெயைத் தாராளமாகத் தடவித் தருவார்கள். நல்ல பிரெட்ஸனின் மெல்லிய கைகள் மொறுமொறுவென்றும் பருத்த வயிற்றுப் பகுதி மிருதுவாகவும் இருக்கும். மேலே ஒட்டியிருக்கும் பரல் உப்பு அதிகம் என்று தோன்றினால் விரலால் உதிர்த்துவிட்டே ஊர்க்காரர்களும் சாப்பிடுகிறார்கள். ஒரு காப்பியோடு சேர்த்தாலும் ஆறு யூரோவுக்குள் முடிந்துவிடும். மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்க்கும் வழக்கம் சில கடைகளில் இருப்பதால், சைவர்கள் ‘மிட் ஷ்மால்ட்ஸ்?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். ‘ஹியர்’ என்றால் இங்கேயே சாப்பிட, ‘ட்ஸும் மிட்னேமன்’ என்றால் எடுத்துச் செல்ல. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் அதற்கான அடுக்கில் வைக்க வேண்டும்.

மியூனிக்கின் புகழ்பெற்ற காலை உணவு வைஸ்வுர்ஸ்ட் எனப்படும் வெள்ளைத் தொத்திறைச்சி. கன்றின் இறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துச் செய்யப்படுவதால் நம் வாசகர்களில் பலருக்கு அது ஆகாது. ஆகும் என்பவர்கள், நகர மையத்தில் டால் என்ற தெருவில் உள்ள ஷ்னைடர் பிராய்ஹவுஸ் போன்ற விடுதிக்கு முற்பகலிலேயே போய்விட வேண்டும். நண்பகல் மணி ஒலிப்பதற்குள் அதைத் தின்று முடிக்க வேண்டும் என்ற மரபை இன்றும் பலர் கடைப்பிடிக்கிறார்கள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் விடியற்காலையில் செய்தது மதியத்துக்குள் கெட்டுவிடும் என்பதே அதற்குக் காரணம். வெந்நீர்ப் பாத்திரத்தில் மிதந்தபடி வரும் தொத்திறைச்சியின் தோலை உரித்துவிட்டு, இனிப்புக் கடுகு விழுதைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள். அந்தக் கடுகு விழுதில் காரம் சிறிதும் கிடையாது.

நண்பகல்: சந்தை, மதியப் பட்டியல், துருக்கியக் கடை

மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து நடந்தே இரண்டு நிமிடத்தில் விக்டுவாலியன்மார்க்ட் வந்துவிடும். 1807இல் இந்த இடத்துக்கு மாற்றப்பட்ட காய்கனிச் சந்தை அது. ஞாயிறும் பொது விடுமுறை நாள்களும் தவிர மற்ற நாள்களில் நடக்கிறது. திங்கட்கிழமை சில கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமை பிற்பகலிலேயே பல கடைகள் மூடத் தொடங்கிவிடும். சூப், பழச்சாறு, மீன், பாலாடைக்கட்டி, ஊறவைத்த ஆலிவ் என்று தனித்தனிக் கடைகள் இருக்கின்றன. இரண்டு விஷயங்களில் புதியவர்கள் தடுமாறுவது வழக்கம். ஒன்று, அடுக்கி வைத்திருக்கும் பழத்தையும் காயையும் கையால் தொட்டு அழுத்திப் பார்க்கக் கூடாது. விரலால் காட்டினால் கடைக்காரரே எடுத்துத் தருவார். தொட்டால் எல்லார் முன்னாலும் ஓர் அதட்டல் கிடைக்கும். மற்றொன்று, பாலாடைக்கட்டிக்கும் ஆலிவுக்கும் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் 100 கிராமுக்கானது. கிலோ விலை என்று நினைத்துப் பெரிய துண்டாகக் கேட்டுவிட்டால் தராசு காட்டும் தொகை திகைக்க வைக்கும். எவ்வளவு வேண்டும் என்பதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அளந்து காட்டினால் போதும், கத்தியை அந்த இடத்தில் வைத்துச் சம்மதமா என்று பார்ப்பார்கள்.

உட்கார்ந்து சூடாகச் சாப்பிட விரும்பினால் திங்கள் முதல் வெள்ளி வரை உணவகங்களின் வாசலில் இருக்கும் கரும்பலகையைப் பாருங்கள். ‘மிட்டாக்ஸ்டிஷ்’ அல்லது ‘மிட்டாக்ஸ்மென்யூ’ என்று எழுதியிருந்தால் அது அன்றைய மதியச் சலுகைப் பட்டியல். மாலையில் இருபது யூரோ ஆகும் உணவு அப்போது பன்னிரண்டு பதினைந்து யூரோவுக்குக் கிடைக்கும். இத்தாலிய, வியட்நாமிய, இந்திய உணவகங்களுக்கு மதியத்தில் போவதே கட்டுப்படியாகும். இங்குள்ள இந்திய உணவகங்களில் பெரும்பாலானவை வட இந்தியச் சமையல் செய்பவை. இங்குள்ளவர்களின் நாக்குக்காகக் காரத்தைக் குறைத்து க்ரீமைக் கூட்டியிருப்பார்கள். சோறும் பருப்பும் கண்ணில் பட்டால் போதும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அது போதுமானது. மற்றவர்கள் மியூனிக் வரை வந்து அதைத் தின்ன வேண்டிய தேவை இல்லை.

பல்கலைக்கழகங்கள் இருக்கும் மாக்ஸ்ஃபோர்ஷ்டட் பகுதியில், குறிப்பாகத் த்யூர்க்கன்ஷ்ட்ராஸ்ஸெ, ஷெல்லிங்ஷ்ட்ராஸ்ஸெ ஆகிய தெருக்களில் மாணவர்களின் பைக்கு ஏற்ற கடைகள் அதிகம். முதன்மை ரயில் நிலையத்தின் தெற்குப் பக்கம் உள்ள கோத்தெஷ்ட்ராஸ்ஸெ, லாண்ட்வேர்ஷ்ட்ராஸ்ஸெ தெருக்களில் துருக்கிய, அரபு, ஆப்கானியக் கடைகள் நிறைந்திருக்கின்றன. பார்வைக்கு அவ்வளவு அழகான தெருக்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் தந்தூரில் சுட்ட ரொட்டியும் பருப்பு சூப்பும் காரமான மிளகாய் விழுதும் வேண்டுவோர் அங்கேதான் போக வேண்டும். ஹலால் உணவு தேடுவோருக்கும் அதுவே வசதி. சுழல்கம்பியில் சுட்டுச் சீவிய இறைச்சியை ரொட்டியில் வைத்துத் தரும் தியோனர் வாங்கும்போது ‘கால்ப்’ என்றால் கன்றிறைச்சி, ‘ஹேன்ஹன்’ என்றால் கோழி என்பதைப் பார்த்துக் கேளுங்கள். சைவர்களுக்கு ஃபலாஃபெல் எனப்படும் பொரித்த கொண்டைக்கடலை உருண்டை வைத்த ரொட்டியும் கீரையும் பாலாடைக்கட்டியும் அடைத்த ப்யோரெக்கும் உண்டு. லாமாஜுன் என்ற மெல்லிய ரொட்டி பார்க்கத் தக்காளி தடவியதுபோல் இருந்தாலும் மேலே இருப்பது கொத்துக்கறி. எதைச் சொன்னாலும் கடைசியில் ‘ஷார்ஃப்?’ என்று கேட்பார்கள். தயங்காமல் ஆமாம் சொல்லலாம், நமக்கு அது மிதமான காரமே.

மாலை: பியர்கார்ட்டனும் கட்டுச்சோறும்

நாமே கொண்டுபோகும் கட்டுச்சோற்றை விரித்து வைத்துச் சாப்பிடலாம், குடிக்க எதையாவது அங்கே வாங்கினால் போதும் என்பது மியூனிக் பியர்கார்ட்டனின் விதி. இது கடைக்காரர் காட்டும் சலுகை என்று எண்ண வேண்டாம். மாநில அரசின் ஆணையிலேயே எழுதப்பட்ட வழக்கம். பவேரியாவில் 16ஆம் நூற்றாண்டு முதல் செப்டம்பர் 29க்கும் ஏப்ரல் 23க்கும் இடைப்பட்ட குளிர்மாதங்களில் மட்டுமே பீர் வடிக்க அனுமதி இருந்தது. கோடைக்குத் தேவையான பீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஆலைக்காரர்கள் இசார் ஆற்றங்கரை மேடுகளில் நிலவறைகள் தோண்டி, மேலே சரளைக்கல் பரப்பி, வேர் ஆழமாக இறங்காத, இலை அகன்ற செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலிலேயே பீரை விற்கவும் தொடங்கியபோது நகரத்து உணவு விடுதிக்காரர்கள் தம் வியாபாரம் கெடுவதாக முறையிட்டனர். 1812 ஜனவரியில் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் யோசஃப் இரு தரப்புக்கும் பொதுவாக ஒரு தீர்வு சொன்னார்: ஆலைக்காரர்கள் பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு விற்கக் கூடாது. மக்கள் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரத் தொடங்கியது அப்படித்தான். உணவு விற்கும் தடை பின்னர் நீங்கியபோதும் வழக்கம் நிலைத்துவிட்டது; 1999இல் வந்த பவேரிய பியர்கார்ட்டன் ஆணை, சொந்த உணவைக் கட்டணமின்றி உண்ணும் வாய்ப்பைப் பியர்கார்ட்டனின் இலக்கணமாகவே வரையறுத்தது.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இவை. உள்ளே நுழைந்ததும் மேசைகளைப் பாருங்கள். துணி விரித்த மேசைகள் பணியாளர் வந்து பரிமாறும் பகுதி. அங்கே சொந்த உணவைப் பிரிக்கக் கூடாது. துணியில்லாத மரமேசைகளும் நீள விசுப்பலகைகளும் உள்ள பகுதியே நமக்கு உரியது. யாரையும் கேட்டு இடம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் முழு மேசையும் காலியாகக் கிடைக்கும் வரை காத்திருக்கவும் கூடாது. எட்டுப் பேர் அமரும் மேசையில் மூவர் இருந்தால் ‘இஸ்ட் ஹியர் நோஹ் ஃப்ரை?’ என்று கேட்டுவிட்டு மறுமுனையில் உட்காருவதே இங்கே முறை. ஒருவர் மேசையில் இருக்க, மற்றவர்கள் சாளரங்களுக்குச் செல்ல வேண்டும். பானத்துக்கு ஒரு சாளரம், பொரித்த உருளைக்கிழங்குக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று இருக்கும். தட்டில் எடுத்துக்கொண்டு கடைசியில் உள்ள கல்லாவில் பணம் செலுத்த வேண்டும். பானக் கோப்பைக்கு ஒன்றிரண்டு யூரோ பிணைத்தொகை பிடிப்பார்கள். சில இடங்களில் அதற்கு ஒரு வில்லையும் தருவார்கள். வில்லையைத் தொலைத்தால் தொகை போய்விடும்.

பீரின் வழக்கமான அளவு மாஸ் எனப்படும் ஒரு லிட்டர்க் கண்ணாடிக் குவளை. விலை இடத்துக்கு ஏற்ப ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு யூரோ. மது வேண்டாதவர்கள் ‘அப்ஃபெல்ஷோர்லெ’ கேட்கலாம்: ஆப்பிள் சாற்றில் வாயுநீர் கலந்தது, இனிப்பு மிதமானது, வெயிலுக்கு இதம். ‘ஷ்பெட்ஸி’ என்பது கோலாவும் ஆரஞ்சுப் பானமும் கலந்தது; குழந்தைகள் விரும்புவார்கள். ‘ராட்லர்’ என்பதை எலுமிச்சைப் பானம் என்று நினைத்துக் குழந்தைக்கு வாங்கிவிடாதீர்கள், அதில் பாதி பீர்.

உணவில், கோழி உண்பவர்களுக்கு ‘ஹென்டல்’ எனப்படும் சுட்ட அரைக் கோழி பாதுகாப்பான தேர்வு. மாடா பன்றியா என்ற ஐயமே எழாது. மீன் உண்பவர்கள் ‘ஷ்டெக்கர்ல்ஃபிஷ்’ விற்கும் இடத்தைத் தவறவிடக் கூடாது. முழுக் கானாங்கெளுத்தியை மசாலா எண்ணெய் தடவிக் குச்சியில் கோத்து, கரி நெருப்புக்கு மேல் சாய்வாக வரிசையாக நட்டு வைத்திருப்பார்கள். தோல் பொன்னிறமாகிச் சுருங்கி எண்ணெய் சொட்டும்போது எடுத்துத் தாளில் சுற்றித் தருவார்கள். கையால் பிய்த்துத்தான் சாப்பிட வேண்டும், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. சைவர்களுக்கு ஒரு பெரிய பிரெட்ஸன், பாலாடைக்கட்டியையும் வெண்ணெயையும் மிளகாய்த் தூளோடும் வெங்காயத்தோடும் பிசைந்த ஓபாட்ஸ்டா, கூடவே ‘ராடி’. ராடி வேறொன்றுமில்லை, நம் வெள்ளை முள்ளங்கிதான். அதை ஒரே நீளச் சுருளாக அறுகாமல் சீவி, இடையிடையே உப்புத் தூவிச் சிறிது நேரம் வைத்துவிடுகிறார்கள். நீர் விட்டதும் காட்டம் தணிந்து, நெகிழ்ந்த சுருள் பிரெட்ஸனோடு ஒட்டிக்கொள்கிறது. இவை அனைத்தையும் மதியம் விக்டுவாலியன்மார்க்டிலேயே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வந்தால் செலவு பாதியாகும். தங்கும் இடத்தில் சமைக்க வசதி இருப்பவர்கள் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போனாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பக்கத்து மேசையில் மேசைவிரிப்பும் மெழுகுவர்த்தியும் பாலாடைக்கட்டிப் பலகையுமாக வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்திருப்பார்கள்.

எந்தத் தோட்டம் என்ற கேள்விக்கு விடை, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சந்தைக்கு நடுவிலேயே ஒரு பியர்கார்ட்டன் இருக்கிறது. நகரின் ஆறு பெரிய ஆலைகளின் பீரை அங்கே முறை வைத்து மாற்றி மாற்றி ஊற்றுகிறார்கள். எங்லிஷர் கார்ட்டன் பூங்காவில் உள்ள சீன கோபுரத்தடியில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் அமரலாம். கோபுரத்தின் மேல்மாடத்தில் பித்தளை வாத்தியக் குழு வாசிக்கும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். ஹாக்கர்ப்ரூக்கெ நிலையத்துக்கு அருகிலுள்ள அகுஸ்டீனர் கெல்லர் மரங்கள் அடர்ந்தது, ரயில் ஏறுவதற்கு முன் போகத் தோதானது. குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது ஹிர்ஷ்கார்ட்டன். எட்டாயிரம் இருக்கைகளோடு நகரின் மிகப் பெரிய பியர்கார்ட்டன் அது. வேலிக்கு அப்பால் மான்கள் நிற்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடலும் பக்கத்திலேயே உண்டு. அங்கே பீர்க் குவளையை நாமே அடுக்கிலிருந்து எடுத்து, தொட்டி நீரில் அலசி, வரிசையில் நிற்க வேண்டும். தெரியாதவர்கள் வெறுங்கையோடு சாளரம் வரை போய்த் திரும்புவார்கள். வானிலை ஒத்துழைத்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை இவை திறந்திருக்கும். இரவு 10.30 மணிக்குப் பரிமாறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் ஆணையில் உள்ளதே.

மழை நாளுக்கு விர்ட்ஸ்ஹவுஸ்

மரப்பலகை வேய்ந்த சுவரும் நீள மேசைகளுமாக இருக்கும் இந்த விடுதிகளில் பொதுவாக நாமே இடம் தேடி உட்காரலாம். மேசையில் ‘ரெஸர்வியர்ட்’ என்ற அட்டை இருந்தால் அதில் உள்ள நேரத்தைப் பாருங்கள்; ஏழு மணிக்கு என்று இருந்து இப்போது ஐந்தரை என்றால், பணியாளரிடம் கேட்டுவிட்டு அதுவரை உட்காரலாம். ‘ஷ்டாம்டிஷ்’ என்ற பலகை தொங்கும் மேசையில் மட்டும் உட்காரக் கூடாது, அது ஆண்டுக்கணக்காக வரும் வாடிக்கையாளர் குழுவுக்கு உரியது. வெள்ளி, சனி மாலைகளில் முன்பதிவு இல்லாமல் நான்கைந்து பேராகப் போவது வீண் அலைச்சல். மேசை மேல் கூடையில் பிரெட்ஸன் இருந்தால் அது இலவசம் என்று எண்ண வேண்டாம். எடுத்தவற்றை எண்ணிக் கணக்கில் சேர்ப்பார்கள். தொடாவிட்டால் காசு இல்லை.

குடிநீரும் அப்படியே. நம் ஊரில் உட்கார்ந்ததும் தம்ளரில் தண்ணீர் வருவதுபோல் இங்கே வராது. தண்ணீர் கேட்டால் புட்டியில் அடைத்த கனிமநீர் வரும், அதற்கு நாலைந்து யூரோ ஆகும். வாயு இல்லாதது வேண்டும் என்றால் ‘ஷ்டில்’ என்று சொல்ல வேண்டும். குழாய்நீருக்கு ‘லைட்டுங்ஸ்வாஸர்’ என்று கேட்கலாம், ஆனால் தர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வரும் மியூனிக் குழாய்நீர் நேரடியாகக் குடிக்கத் தகுந்தது என்பதால், புட்டியில் பிடித்துக் கையில் வைத்துக்கொண்டு வெளியில் குடிப்பதே சிக்கனம். ஜெர்மன் உணவக உரிமச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மது இல்லாத பானம் ஒன்றாவது மிக மலிவான மதுபானத்தைவிட விலை கூடாமல் இருக்க வேண்டும் என்று கூறுவதால், பட்டியலை முழுவதும் பார்த்தால் அந்த ஒன்று கண்ணில் படும்.

பிளாட்ஸ்ல் சதுக்கத்தில் உள்ள ஹோஃப்பிராய்ஹவுஸ் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். 1589இல் ஐந்தாம் வில்ஹெல்ம் கோமகன் தொடங்கிய அரண்மனை பீர் ஆலையிலிருந்து வந்த விடுதி அது. வளைவுக் கூரையின் ஓவியங்களுக்காகவும் வாத்தியக் குழுவுக்காகவும் பிற்பகலில் ஒருமுறை போய் ஒரு பானம் வாங்கிக்கொண்டு உட்காரலாம். நிதானமாக இரவு உணவு உண்ண நோய்ஹவுஸர்ஷ்ட்ராஸ்ஸெயில் உள்ள பழைய அகுஸ்டீனர் விடுதியோ, சுற்றுலாக் கூட்டம் எட்டாத ஹைட்ஹவுஸன் பகுதியின் விடுதிகளோ மேல். 2010 ஆகஸ்ட் முதல் பவேரியாவில் உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால் உள்ளே புகைத் தொல்லை கிடையாது. தோட்டத்தில் மட்டும் காற்று வீசும் திசை பார்த்து உட்கார வேண்டும்.

சைவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

‘வெகெட்டாரிஷ்’ என்று பட்டியலில் குறித்திருப்பவை இப்போது எல்லா விடுதிகளிலும் உண்டு. கேஸெஷ்பெட்ஸ்லெ என்பது குட்டையான மாவு உருண்டைகளைப் பாலாடைக்கட்டியில் புரட்டி, மேலே வறுத்த வெங்காயம் தூவியது; ஸெம்மெல்க்னோடல் என்பது பழைய ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் பிடித்து வேகவைத்த கொழுக்கட்டை, காளான் குழம்போடு வரும். ரைபர்டாட்ஷி, துருவிய உருளைக்கிழங்கைத் தட்டிப் பொரித்தது, ஆப்பிள் கூழோடு தருவார்கள். வயிறு நிறையும். ஆனால் மூன்றிலும் முட்டை உண்டு. முட்டையும் தவிர்ப்பவர்கள் ‘ஓனெ ஐ’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்ன பிறகு விர்ட்ஸ்ஹவுஸில் மிஞ்சுவது பிரெட்ஸனும் ஓபாட்ஸ்டாவும் பச்சைக் காய்க்கலவையும்தான். அவர்கள் ‘வெகான்’ என்று குறித்த உணவைத் தேடுவதோ, ஹாக்கன்ஷ்ட்ராஸ்ஸெயில் நெடுங்காலமாக இயங்கிவரும் ப்ரின்ஸ் மிஷ்கின் போன்ற சைவ உணவகத்துக்குப் போவதோ எளிது.

பட்டியலில் சைவக் குறி இல்லாத துணை உணவுகளில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. பவேரிய உருளைக்கிழங்குக் கலவையில் பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவார்கள். புளித்த முட்டைக்கோசான ஸவர்க்ரவுட்டிலும் வறுத்த உருளைக்கிழங்கிலும் பன்றிக் கொழுப்புத் துண்டு சேர்வது வழக்கம். தோசைக்கீற்றுப் போட்ட தெளிந்த சூப் மாட்டெலும்புச் சாறு. ஆகவே ‘வெகெட்டாரிஷ்?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு நிறுத்தாமல், ‘மிட் ஷ்பெக்?’ (பன்றிக் கொழுப்பு உண்டா), ‘மிட் ஃப்ளைஷ்ப்ரூயெ?’ (இறைச்சிச் சாறு உண்டா) என்று பொருளைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்; பணியாளர் சமையலறைக்குப் போய்க் கேட்டு வந்து சொல்வார். இறைச்சியில் ‘ரிண்ட்’ மாடு, ‘கால்ப்’ கன்று, ‘ஷ்வைன்’ பன்றி, ‘பூட்டெ’ வான்கோழி. லேபர்கேஸ் என்று ரொட்டிக்கு நடுவே வைத்து விற்கும் இளஞ்சிவப்புத் துண்டு மாடும் பன்றியும் சேர்ந்தது. உணவுப் பெயருக்குப் பக்கத்தில் சிறு எழுத்துகளும் எண்களும் இருப்பது ஒவ்வாமைப் பொருள்களுக்கும் சேர்மானங்களுக்கும் ஆன குறிப்பு. பால், முட்டை, மீன், கடலை போன்றவற்றைக் கண்டறிய உதவும், இறைச்சி உண்டா என்பதை அது சொல்லாது. இனிப்பில் ஜெலட்டினும், கைஸர்ஷ்மாரன் என்ற பிய்த்துப் போட்ட அப்பத்தின் திராட்சையில் ரம்மும் இருக்கக்கூடும். கெட்டியான பாலாடைக்கட்டிகள் பலவும் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைத்தவை. அதைப் பொருட்படுத்துபவர்கள் சந்தையில் ‘மிக்ரோபியெல்லஸ் லாப்’ எனப்படும் நுண்ணுயிர் நொதி கொண்டு செய்தது எது என்று கேட்டு வாங்கலாம்.

பணம் கொடுத்து எழுந்திருத்தல்

கணக்குச் சீட்டு தானாக வராது. கேட்காமல் கொண்டுவந்து வைப்பது எழுந்து போகச் சொல்வதாகும் என்று இங்கே கருதுகிறார்கள். பணியாளரின் கண்ணைப் பார்த்து ‘ட்ஸாலன், பிட்டெ’ என்றால் வருவார். விரலைச் சொடுக்குவதோ உரக்கக் கூப்பிடுவதோ வேண்டாம். ‘ட்ஸுஸாம்மன் ஓடர் கெட்ரென்ட்?’ என்று கேட்டால், மொத்தமாகவா தனித்தனியாகவா என்று பொருள். தனித்தனி என்றால் ஒவ்வொருவரும் தாம் சாப்பிட்டதைச் சொல்லித் தம் பங்கைக் கொடுப்பார்கள். அலுவலக நண்பர்கள் அழைத்துப் போனாலும் பெரும்பாலும் அப்படித்தான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பட்டியல் விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. அதற்கு மேல் ஐந்து முதல் பத்து விழுக்காடு அன்பளிப்பாகத் தருவது வழக்கம். அதை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல், கொடுக்கும்போதே வாயால் சொல்ல வேண்டும்: கணக்கு 37.60 யூரோ என்றால், ஐம்பது யூரோத் தாளைக் கொடுத்து ‘ஃபியர்ட்ஸிஹ்’ என்றால் நாற்பது எடுத்துக்கொண்டு பத்தைத் திருப்பித் தருவார். நாற்பதையே கொடுத்தால் ‘ஷ்டிம்ட் ஸோ’ (மீதி வேண்டாம்) என்று சொல்லிவிடலாம். அட்டையில் செலுத்துவதானால், இயந்திரத்தில் அவர் தொகையை அழுத்துவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். தானே எடுத்துச் சாப்பிடும் கடைகளில் அன்பளிப்பு அவசியமில்லை. மிச்சத்தை ‘ஐன்பாக்கன்’ என்று கேட்டால் கட்டித் தருவார்கள்.

ஞாயிறும் விடுமுறையும்

ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடிகள் ஏறத்தாழ எல்லாமே மூடியிருக்கும்; மற்ற நாள்களிலும் இரவு எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். கத்தோலிக்க மரபு மிகுந்த பவேரியாவில் பொது விடுமுறைகள் ஜெர்மனியின் பிற பகுதிகளைவிடக் கூடுதல். நமக்குச் சுதந்திர நாளான ஆகஸ்ட் 15 இங்கே மரியன்னையின் விண்ணேற்பு விழா; பெர்லினில் கடைகள் திறந்திருக்கும், மியூனிக்கில் திறந்திருக்காது. அதனால் சனிக்கிழமை மாலைக்குள் தண்ணீர், பழம், தயிர், ரொட்டி ஆகியவற்றை வாங்கி வைத்துவிடுங்கள். வாங்கும் பிளாஸ்டிக் புட்டிகளில் ஒருமுறை மட்டும் பயன்படுவது ஒவ்வொன்றுக்கும் 25 சென்ட் பிணைத்தொகை சேர்ந்திருக்கும். காலிப் புட்டியைக் கசக்காமல் அங்காடி வாசலிலுள்ள இயந்திரத்தில் போட்டுச் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். விடுதிகளும் பியர்கார்ட்டன்களும் ஞாயிறன்று திறந்தே இருக்கின்றன, ரொட்டிக்கடைகள் காலையில் சில மணி நேரம் திறக்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல் ஊர் வந்து சேர்பவர்களுக்கு முதன்மை ரயில் நிலையமும் அதன் தெற்கே உள்ள தெருக்களுமே மிஞ்சும். அங்கே நள்ளிரவு தாண்டியும் ஒரு ஃபலாஃபெல் ரொட்டியோ சூடான பருப்பு சூப்போ வாங்கிவிடலாம்.